வளையத்தை மறைத்த பதாகை

மேடையில் அமர்ந்திருக்கும் ரூஜ் பள்ளத்தாக்குத் தமிழர் ஒன்றியத்தின் தலைவர் ஜெயந்தன் அண்ணை அவர்களே, செயலாளர் றிச்சர்ட் அண்ணை அவர்களே, தங்கையை இழந்து முன்வரிசையில் இருக்கும் பேர்ணடெற் அக்கா அவர்களே, மெல்பேர்னில் ஞாயிறு காலைப் பூசையை விட்டுவிட்டுத் திரையில் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் அக்காவின் தந்தை மரியரட்ணம் ஐயா அவர்களே, இந்தக் கனடாக் குளிரிலும் வந்து கதிரைகளை நிறைத்திருக்கும் உறவுகளே, கடைசி வரிசையில் கோட்டைக் கழற்றாமல் இருக்கும் என் அணித் தோழிகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் யதுஷா. வேரோனிக்கா மரியரட்ணம் ஆடிய கடைசி அணியில் நானும் ஆடினேன். அந்த அணியின் சார்பில் பேசும்படி தோழிகள் என்னை அனுப்பியிருக்கிறார்கள். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவள் நான். எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். "ஐஞ்சு நிமிஷம் தங்கச்சி, அதுக்கு மேல போகாதேங்கோ" என்று றிச்சர்ட் அண்ணை கேட்டுக்கொண்டார். மன்னிக்க வேண்டும் அண்ணை. போவேன்.

எனக்கு முன்னால் மூன்று பேர் பேசினார்கள். மூவரும் நல்லவர்கள். மூவரும் வேரோனிக்காவைப் புகழ்ந்தார்கள். ஒருவர், அமைதியான பிள்ளை என்றார். ஒருவர், பணிவானவர் என்றார். மற்றவர், யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர் என்றார். யாரைச் சொல்கிறார்கள் என்று நான் ஒரு தடவை திரும்பிப் படத்தைப் பார்த்தேன். படத்தில் இருப்பது எங்கள் வேரோதான். அமைதியா! வேரோவா அமைதி? இந்தப் பள்ளிக்கூடத்தின் துப்புரவுப் பணியாளரைக் கேளுங்கள். சத்தம் தாங்காமல் அவர் எத்தனை சனிக்கிழமை வந்து அந்தக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்!

மூன்று உரைகள் முடிந்துவிட்டன. அவர் ஆடிய ஒரு ஆட்டத்தைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? அவர் எந்தக் கழகத்துக்கு ஆடினார் என்று சொன்னார்களா? எந்த இடத்தில் நின்று ஆடுவார் என்று சொன்னார்களா? ஒரு பாடகர் இறந்தால் அவருடைய பாட்டைப் பற்றிப் பேசாமல் மேடையை விட்டு இறங்குவோமா? ஒரு வைத்தியர் இறந்தால், நல்லாய்ச் சிரிப்பார் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காருவோமா?

இப்போது எல்லோரும் நிமிர்ந்து இந்தப் பதாகையைப் பாருங்கள். 'வலைப்பந்தாட்டத் தாரகை அமரர் வேரோனிக்கா மரியரட்ணம் அவர்களுக்கு எமது கண்ணீர் அஞ்சலி.' பெரிய எழுத்து. நல்ல அச்சு. ஆனால் வேரோனிக்கா தன் வாழ்நாளில் ஒரு நாள்கூட வலைப்பந்தாட்டம் ஆடியதில்லை!

அவர் ஆடியது கூடைப்பந்தாட்டம். அதைத் தொழிலாக ஆடினார். பதினான்கு பருவங்கள், அவுஸ்திரேலியாவிலும் பிரான்சிலும், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ரிக்கெற் வாங்கி வந்த சனத்தின் முன்னால் ஆடினார். இதை நேற்று நான் சொன்னபோது றிச்சர்ட் அண்ணை சொன்ன பதில் இது: "ரெண்டும் ஒண்டுதானே தங்கச்சி. வளையத்துக்குள்ள போடுறதுதானே. இனிப் புதுசா அடிக்க நேரமில்லை. உப்பிடியே தொங்கட்டும்." இதே றிச்சர்ட் அண்ணையிடம் போய், கரப்பந்தாட்டத்தின் இரண்டு வகைகளான ஓவர் கேமும் செற்றப் கேமும் ஒன்றுதானே என்று யாராவது சொல்லிப் பாருங்கள். பிறகு அந்த ஆள் வீடு போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று பாருங்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லது. ஆனால் இது அச்சகத்தின் பிழையல்ல. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பெண்பிள்ளைகளுக்கென்று வைத்த ஆட்டம் வலைப்பந்தாட்டம். பெண் ஒருத்தி பந்தோடு நின்றால் அது வலைப்பந்தாட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் தலைக்குள் எப்போதோ எழுதி வைத்துவிட்டோம். அவர் என்ன சொன்னாலும், எத்தனை தடவை சொன்னாலும், எங்கள் காதில் விழுந்தது நாங்கள் முன்பே எழுதி வைத்ததுதான். வலைப்பந்தாட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. வேரோவும் பேசியதில்லை. "அது நல்ல விளையாட்டு, கஷ்டமான விளையாட்டு. ஆனா நான் விளையாடினது அது இல்லை" என்பார். அந்த ஆட்டத்தில் பந்து கைக்கு வந்தால் கால் நிற்க வேண்டும். ஒவ்வொருத்திக்கும் போகலாம், போகக்கூடாது என்று எல்லை உண்டு. கூடைப்பந்தாட்டத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு திடலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடலாம். ஐந்து பேரில் யாரும் எங்கும் போகலாம். யாரும் எறியலாம். அந்த ஓட்டம்தான் அவருடைய வாழ்க்கை. அந்த ஓட்டத்தைப் பதாகையில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இன்னொன்றையும் பாருங்கள். பதாகை எதில் தொங்குகிறது? கூடைப்பந்தாட்ட வளையத்தில்! கட்டுவதற்கு வேறு இடம் கிடைக்கவில்லையாம்.

உறவுகளே, இந்தக் கூட்டம் இந்த மண்டபத்தில், சனிக்கிழமை மாலை இந்த நேரத்தில் ஏன் நடக்கிறது என்று யாராவது யோசித்தீர்களா? இது எங்கள் அணியின் பயிற்சி நேரம். வேரோ வாங்கித் தந்த நேரம். அவருடைய நல்லடக்கத்துக்கு முதல்நாள் ஒன்றியம் அதை எங்களிடமிருந்து எடுத்துவிட்டது. அதைத் திருப்பிக் கேட்கத்தான் நான் இங்கே நிற்கிறேன். கேட்பதற்கு முன்னால், வேரோனிக்கா யார் என்று சொல்ல வேண்டும். அவர் யாரென்று தெரியாமல், எடுக்கப்பட்டது என்னவென்று உங்களுக்குத் தெரியாது.

மெல்பேர்னுக்குத் தென்கிழக்கே டன்டினோங். மன்னாரிலிருந்து போன குடும்பம். மரியரட்ணம் ஐயா இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால், வாகனத் தரிப்பிடத்தில், யாரோ ஒரு வளையத்தைக் கம்பத்தில் பூட்டி விட்டிருந்தார்கள். வேரோவின் முதல் திடல் அதுதான். ஐயா, போன கிழமை தொலைபேசியில் நீங்கள் எனக்குச் சொன்னதை இவர்களுக்கும் சொல்கிறேன். "பூசை முடிஞ்சு சனம் வெளிய வரேக்க என்ர பிள்ளை வேர்த்து விறுவிறுத்து நிப்பாள். வெள்ளைச் சட்டை கறுத்துப்போயிருக்கும். நான் கோவமா முகத்தை வைச்சுக்கொண்டு நிண்டு, எத்தினை போடுறாள் எண்டு மனதுக்குள்ள எண்ணுவன்." அப்படிச் சொன்னீர்கள். இன்றைக்குப் பேசிய எல்லோரையும்விட அவருடைய ஆட்டத்தை உங்களுக்குத்தான் தெரியும், ஐயா.

அந்த ஆட்டத்துக்கு அவர் உயரம் போதாது. என்னைவிடக் குள்ளம். அதனால் பந்தைக் கொண்டுபோகிறவராக ஆனார். எதிரணியின் நெட்டைகளுக்கு நடுவே, முழங்காலுக்குக் கீழே பந்தைத் தட்டிக்கொண்டு, ஒரு தடவையாவது அதைக் குனிந்து பார்க்காமல், மற்ற நால்வரும் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போவார். எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். அவர் ஆட்களைப் பார்ப்பார்.

முதல் தொழில்முறை ஒப்பந்தம் ஹெரன்ஸ் என்ற கழகத்தில். சட்டையில் கொக்குப் படம். முதல் இரண்டு பருவமும் அவர் உட்கார்ந்தது திடலோர வாங்கில்தான். பயிற்சியில் எல்லோரையும்விட முதலில் வர வேண்டும், ஆட்டத்தில் வாங்கில் இருந்து கைதட்ட வேண்டும். தொழில்முறை வீராங்கனை என்றதும் உங்கள் மனதில் என்ன தோன்றுகிறது? பெரிய கார், பெரிய வீடு. விடியற்காலையில் அவர் ஒரு பல்பொருள் அங்காடியின் வெதுப்பகத்தில் பாண் போட்டார்! மத்தியானம் வரை அங்கே நின்றுவிட்டு, மாலையில் பயிற்சிக்குப் போனார். அதே நகரத்தின் ஆண்கள் அணி விமானத்தில் பறந்தது. இவர்கள் வான் ஓட்டிக்கொண்டு போனார்கள். முறை வைத்து ஓட்டினார்கள். ஆட்டம் முடிந்து வந்து தங்கள் உடுப்பைத் தாங்களே தோய்த்தார்கள். காலையில் அவரிடம் பணிஸ் வாங்கிய பிள்ளைகள் மாலையில் அவரிடம் கையெழுத்து வாங்க நிற்பார்களாம். "அதுகளுக்குக் குழப்பம். 'நீ பணிஸ்காரியா, கொக்கா' எண்டு கேக்குங்கள்" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் வரவில்லை.

ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன். இந்த மேடையில் ஒரு ஆட்டமாவது சொல்லப்பட வேண்டும். ஹெரன்ஸ் அணியில் அவருக்கு நிரந்தர இடம் கிடைத்த பிறகு நடந்தது. பருவத்தின் கடைசி ஆட்டம். ஒரு புள்ளி பின்னால் நிற்கிறார்கள். நேரம் முடியப் போகிறது. பந்து வேரோவின் கையில். மண்டபம் முழுவதும் அவர் எறியப் போகிறார் என்று எழுந்து நிற்கிறது. இரண்டு பேர் அவரை மறித்துவிட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்காமலே பந்தைப் பின்னால் கொடுத்தார். யாரிடம்? அன்றைக்கு எறிந்த ஒன்றும் விழாமல் தலையைக் குனிந்துகொண்டு ஓடிய ஒரு பிள்ளையிடம். அவள் எறிந்தாள். விழுந்தது. ஏன் அவளுக்குக் கொடுத்தாய் என்று பத்திரிகைக்காரர் கேட்டாராம். "அவள் கூப்பிட்டாள்" என்றாராம் வேரோ. அவ்வளவுதான். "அண்டைக்கு முழுக்கப் பிழைவிட்டவள், அந்த நேரத்தில வாய் திறந்து கூப்பிட்டாள். அவளுக்குக் குடுக்காமல் ஆருக்குக் குடுக்கிறது?" என்று எங்களைக் கேட்டார்.

பிறகு முழங்கால். தசைநார் அறுந்து, சத்திரசிகிச்சை முடிந்து, காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தபோது கழகத்திலிருந்து தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. உன் சேவைக்கு நன்றி, அடுத்த பருவத்துக்கு உனக்கு ஒப்பந்தம் இல்லை. நேரில் வந்து சொல்ல ஒருவருக்கும் கால் இருக்கவில்லை! அவர் அழுதாரா என்று கேட்டேன். "அழுதனான்தான். ஆனா அடுத்த நாளே காலை மடக்கச் சொல்லிட்டாங்கள். அதுக்கு அழுததுதான் கூட" என்றார். ஒரு வருடம் அந்தக் காலோடு மல்லுக்கட்டினார். எழுந்தார். பிரான்சில் ஒரு சிறு நகரத்துக் கழகம் அவரை எடுத்தது. இரண்டாம் பிரிவில் கிடந்த அணியை முதல் பிரிவுக்கு ஏற்றிவிட்டார்கள். அந்த ஊர்ச் சனம் மேளம் அடித்துக்கொண்டு தெருவில் போனது. முன்னால் போன வாகனத்தில், எங்களுடைய மன்னார்ப் பிள்ளை!

இதில் எதுவாவது எங்களுக்குத் தெரிந்ததா? எங்கள் பையன் ஒருவன் எங்கோ ஒரு பள்ளிக்கூடத் துடுப்பாட்ட அணிக்கு மேலதிக வீரனாகத் தெரிவு செய்யப்பட்டால் எத்தனை நாள் அந்தப் படத்தைப் பகிர்வோம்! பகிரட்டும். வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பதினான்கு பருவங்கள்! ஒரு வரி? ஒரு படம்? வேரோனிக்காவுக்குக் கிடைத்த முதல் தமிழ்ப் பதாகை இதுதான். அதிலும் ஆட்டத்தின் பெயர் பிழை.

மற்ற முழங்காலும் போன பிறகு அவர் ஆட்டத்தை விட்டார். இடையிடையே படித்து முடித்திருந்த இயன்மருத்துவம் கைகொடுத்தது. இங்கே அஜக்ஸில் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது பார்க்க வந்தவர், இங்கேயே வேலை எடுத்துத் தங்கிவிட்டார். அந்தக் கோடையில்தான் ஒன்றியத்தின் விளையாட்டு விழாவுக்கு வந்தார். உங்களில் பலர் அன்றைக்குப் பூங்காவில் நின்றீர்கள். பெண்களுக்குக் கயிறிழுத்தல். வழமைபோல மணமானவர்கள் ஒரு பக்கம், மணமாகாதவர்கள் மறுபக்கம். முப்பத்தாறு வயதில் வேரோ நடுவில் நின்றார்.

"அக்கா, நீங்கள் எந்தப் பக்கம்?"

"கட்டேல்லையெல்லோ, அப்ப அங்கால போகச் சொல்லு."

"அங்கால முழுக்கச் சின்னப் பெட்டையள். உவ போய் நிண்டா வடிவாவே இருக்கும்?"

"அப்ப இஞ்சால வரட்டும்."

"கட்டாமல் எப்பிடி இஞ்சால வாறது? பிறகு மற்றப் பக்கம் கள்ளம் எண்டு கத்துவினம்."

எல்லோரும் சிரித்தார்கள். வேரோ அவர்களுடைய பேச்சை முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "எந்தப் பக்கம் ஆள் குறைவு?"

ஒரு விளையாட்டு வீராங்கனை கேட்கக்கூடிய மிகச் சாதாரணமான கேள்வி அது. ஜெயந்தன் அண்ணை ஓடி வந்து, "தங்கச்சி, நீங்கள் அவுஸ்திரேலியாவில இருந்து வந்த விருந்தாளி. வாங்கோ, வந்து பரிசைக் குடுங்கோ" என்று மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்று மாலை முழுவதும், இரண்டு நாடுகளின் திடல்களில் ஓடியவர், கயிறிழுத்து வென்றவர்களுக்குப் பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டிகளை எடுத்துக் கொடுத்தார்.

கொத்துரொட்டி வரிசையில் நின்றபோதுதான் அவர், இன்றைக்குக் கடைசி வரிசையில் இருக்கும் மயூரியிடம் கேட்டார்: "இங்க பொம்பிளையள் எங்க விளையாடுறவை?" மயூரி சொன்னாள்: "கயிறிழுக்கிறதோட சரி அக்கா. அதுவும் வருசத்தில ஒருக்கா." எங்கள் அணி அந்த வரிசையில் தொடங்கியது.

மண்டபம் வேண்டும். வேரோ வேலை முடிந்து அலைந்தார். அமைப்பு ஒன்றின் பெயரில் கேட்டால் அனுமதி சுலபம் என்றார்கள். ஒன்றியத்தின் பெயரில் கேட்டார். அனுமதி வந்தது. தாளில் ஒன்றியத்தின் பெயர். அலைந்த கால் வேரோவின் கால். அந்தத் தாளை அவர் நம்பினார். ஒன்றியம் என்றால் தானும்தான் என்று நினைத்தார், பாவம்.

பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டும் மயூரி, ஒவ்வொரு சனியும் 401 நெடுஞ்சாலை நெரிசலில் கிடந்து வருவாள். பிள்ளைகளை வளர்த்து முடித்துவிட்டு வந்தவர் கனகாம்பிகை அக்கா. மட்டக்களப்பில் பள்ளிக்கூட வலைப்பந்தாட்ட அணியில் ஆடியவர். பந்து அவர் கைக்கு வந்தால் போதும், கால் இரண்டும் ஆணி அடித்தது போல நின்றுவிடும். பின்னால் வருகிறவள் அவர் முதுகில் மோதுவாள்.

"கனகாக்கா, ஏன் நிக்கிறீங்கள்? தட்டிக்கொண்டு ஓடுங்கோ! ஒருத்தரும் விசில் ஊதமாட்டினம்!"

"என்ட கால் கேக்குதில்லகா. பந்து கையில வந்தா அது தன்ட பாட்டுல நிக்கிது."

"அப்ப காலுக்குச் சொல்லுங்கோ, பள்ளிக்கூடம் முடிஞ்சுது எண்டு!"

கனகாம்பிகை அக்காவின் கால் அதைக் கேட்க ஒரு குளிர்காலம் எடுத்தது. ஆனால் கேட்டது! முதல் தடவையாக அவர் பந்தைத் தட்டிக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடி, வளையத்தை விட்டுவிட்டுச் சுவரில் போய் மோதி நின்றபோது, வேரோ போட்ட கூச்சலுக்குத்தான் துப்புரவுப் பணியாளர் முதன்முதலாகக் கதவைச் சாத்தினார்.

அவருடைய பயிற்சியில் ஒரே ஒரு சட்டம். பேச வேண்டும். திடலில் வாயை மூடிக்கொண்டு நிற்பவளை அவரால் பொறுக்க முடியாது. "கதையுங்கோ! கதைக்காட்டி ஆர் எங்க நிக்கிறீங்கள் எண்டு மற்றவளுக்கு எப்பிடித் தெரியும்?" எதிரணி தாக்கும்போது, முன்னால் நிற்பவளுக்குப் பின்னால் துணை உண்டு என்று பின்னால் நிற்பவள் கத்த வேண்டும். அவுஸ்திரேலியாவில் அவர்கள் ஆங்கிலத்தில் கத்துவார்களாம். தமிழில் என்ன சொல்வது என்று எங்களைக் கேட்டார். 'உங்களுக்குப் பின்னால நான் நிக்கிறன்' என்றாள் ஒருத்தி. "நீங்கள் சொல்லி முடிக்க அவை கோல் போட்டிடுவினம்" என்றார். குறைத்துக் குறைத்துக் கடைசியில் ஒரு சொல் மிஞ்சியது. இருக்கிறன். அவ்வளவுதான். ஒருத்தி முன்னால் தனியே நிற்கிறாள் என்றால், பின்னாலிருந்து "இருக்கிறன்!" பக்கத்திலிருந்து "இருக்கிறன்!" வாழ்க்கையில் சத்தமாகக் கதைக்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்கள் இந்தக் கூரை அதிர அதைக் கத்தினோம். இவரைத்தான், இவரைத்தான் அமைதியான பிள்ளை என்கிறீர்கள்!

ஒரு நாள் வேலையில் ஒரு நோயாளியின் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு நின்ற வேரோ அப்படியே சரிந்தார். மூளையில் இரத்தக் கசிவு. வைத்தியர்கள் சொன்னார்கள், இது பிறவியிலேயே இருந்த பலவீனம், விளையாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று. ஆனால் அவருடைய உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் என் காதுபடப் பேசினார்கள். "பொம்பிளைப் பிள்ளை உப்பிடி ஓடிப் பாய்ஞ்சா உடம்பு தாங்குமே?" "காலாகாலத்தில ஒரு கலியாணத்தைக் கட்டியிருந்தா உந்த விளையாட்டு விட்டுப்போயிருக்கும்." பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள்! பேர்ணடெற் அக்கா கேட்கத்தக்கதாகப் பேசினார்கள்! ஐம்பது வயதில் கரப்பந்தாட்டத் திடலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அண்ணைமாரை நாங்கள் அறிவோம். அவர்களைப் பற்றி, ஓடிப் பாய்ந்ததால் வந்தது என்று யாராவது சொன்னோமா? அவர்களுக்கு ஞாபகார்த்தக் கிண்ணம் வைத்தோம்.

அதே நாள் மாலை ஒன்றியத்தின் வட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அண்ணைமார் கரப்பந்தாட்டம் ஆடும் மண்டபத்தைத் திருத்த வேலைக்காகப் பூட்டப்போகிறார்களாம். ஆகவே வரும் மாதத்திலிருந்து சனிக்கிழமை மாலை இந்த மண்டபம் அவர்களுக்கு. காரணமும் எழுதியிருந்தார்கள்: 'வேரோனிக்கா இல்லாமல் இனி மகளிர் பயிற்சியை யார் நடத்துவது?' கேள்விக்குறி போட்டிருந்தார்கள். கேள்வி என்றால் எங்களிடம் கேட்டிருக்கலாமே! நாங்கள் சாகவில்லையே! அவரை இன்னும் மண்ணுக்குள் வைக்கவில்லை, அதற்குள் அவருடைய நேரத்தை எடுத்துப் பங்கு போட்டாயிற்று.

ஜெயந்தன் அண்ணை மணிக்கூட்டைக் காட்டுகிறார். என்ன அண்ணை? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும். "இது இரங்கல் கூட்டம் தங்கச்சி, உதைக் கமிற்றியில கதைப்பம்" என்கிறார். நல்லது. அந்தக் கமிற்றியில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் அண்ணை?

அண்ணை மணிக்கூட்டைக் காட்டிய கையை இறக்கிவிட்டார்.

சரி. எனக்குக் கரப்பந்தாட்டத்தின் மேல் கோபமில்லை. அண்ணைமார் ஆட வேண்டும். இன்னொரு மண்டபம் தேடுவோம் என்றால் நாங்களும் சேர்ந்து அலைகிறோம். எங்களுக்கு அலையத் தெரியும், வேரோ அலைந்ததைப் பார்த்திருக்கிறோம். ஆனால் இது எங்கள் நேரம். ஒரு பெண் போய்விட்டால் அவளோடு அவள் தொடங்கியதும் போய்விடும் என்று நினைப்பதற்குப் பெயர் இரக்கமல்ல. அவர் எங்களுக்கு ஆட்டம் பழக்கிய நாட்களில் ஒரு நாளாவது, தான் இல்லாவிட்டால் ஆடத் தெரியாதவர்களாக எங்களை வைத்திருந்தாரா? பந்தைத் தன் கையில் வைத்திருந்தாரா? அவர் வாழ்நாள் முழுவதும் செய்தது ஒன்றுதான். பந்தைக் கொண்டுவந்தார், கொடுத்தார்.

நேரத்தைத் திருப்பித் தருகிறீர்களா என்று இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன், அண்ணை. இப்போது பதில் சொல்ல முடியாவிட்டால் கமிற்றியில் பேசிவிட்டு வந்து சொல்லுங்கள். நாங்கள் வேறெங்கும் போகமாட்டோம். வரும் சனிக்கிழமை இங்கே நிற்போம். கரப்பந்து வலை கட்டியிருந்தாலும் நிற்போம். மயூரி 401 இல் வருவாள். கனகாம்பிகை அக்கா ஓடுவார். இதுதான் வேரோனிக்கா மரியரட்ணத்துக்கு எங்கள் அணியின் உறுதிமொழி. எழுதி வந்த பெரிய சொற்களை விட்டுவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. நிகழ்ச்சி நிரலில் இப்போது மௌன அஞ்சலி என்று இருக்கிறது. மௌனம் வேண்டாம். இந்த மண்டபத்தில் அவர் ஒருவரையும் மௌனமாக நிற்க விட்டதில்லை. தோழிகளே, இருந்த இடத்திலிருந்து, நீங்கள் எங்கே என்று சொல்லுங்கள். அவருக்குக் கேட்க வேண்டும்.

கேட்டதா? அது மயூரி. அது கனகாம்பிகை அக்கா. கதவுப் பக்கம் கேட்டது ஸ்டெபனி. அது... பேர்ணடெற் அக்கா, நீங்கள் எங்கள் அணியில் இல்லையே. பரவாயில்லை அக்கா. இனி இருக்கிறீர்கள். மரியரட்ணம் ஐயா, உங்கள் பக்கம் ஒலி அணைந்திருக்கிறது. உதடு அசைவது தெரிகிறது. விளங்குகிறது, ஐயா. நானும் இருக்கிறன்.

இனி எல்லோரும் எழுந்து, அவரவர் இருந்த கதிரையை மடித்துச் சுவரோடு சாத்துங்கள். கதிரைகளுக்குக் கீழே ஒரு திடல் இருக்கிறது. றிச்சர்ட் அண்ணை, அந்த ஏணியைப் பிடியுங்கள், மயூரி ஏறிப் பதாகையை இறக்கட்டும். கனகாக்கா, கோட்டைக் கழற்றுங்கள், பந்து உங்கள் பையில்தானே.

எங்கள் நேரம் இன்னும் முடியவில்லை.